ரோலர் கோஸ்டர் வளையத்துக்குக் கணக்குப் போட்டவர் யார், தெரியுமா?

இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 1994-இல் திறந்த ‘நெமிசிஸ்’ ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கியது யார்? யோசனை ஜான் வார்ட்லி என்ற ஆங்கிலேயருடையது. சவாரியைத் தயாரித்துக் கொடுத்தது ஸ்விட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபியார் நிறுவனம். பயணி ஒவ்வொரு திருப்பத்திலும் எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டியிருக்கும், எந்தத் தூண் எவ்வளவு சுமக்கும் என்று கணக்குப் போட்டவரோ மியூனிக்கில் இருந்த வெர்னர் ஸ்டெங்கல்! ஒரே சவாரிக்கு மூன்று தேசங்களில் மூன்று தகப்பன்கள்.

ஸ்டெங்கல் 1965-இல் அலுவலகம் திறந்தார். அன்றிலிருந்து உலகம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட ரோலர் கோஸ்டர்களில் அந்த அலுவலகத்தின் கை பட்டிருக்கிறது. ஒன்றோடொன்று போட்டி போடும் நிறுவனங்கள்கூடக் கணக்குக்கு அவரிடம்தான் போய் நின்றன. இத்தனை இருந்தும், சவாரி முடிந்து கால் நடுங்க இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அவர் செய்ததைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். தலைகீழாகச் சுற்றும் வளையம் ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு என்றுதானே நினைக்கிறோம்? நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1895-லேயே ‘ஃபிளிப் ஃபிளாப்’ என்ற சவாரி ஓடியது! அதன் வளையம் அச்சு அசல் வட்டம். வந்தது வினை. சரியான வட்டத்தில், உச்சியில் பயணி எடையே இல்லாமல் மிதக்கும் அளவுக்கு மெதுவாகச் சுற்றினாலும், அடிவாரத்தில் தன் எடையைப் போல் ஆறு மடங்கு அழுத்தத்தைத் தாங்கியே ஆக வேண்டும். எவ்வளவு பெரிய வட்டம் கட்டினாலும் அந்த ஆறு குறையாது! கழுத்து வலியோடு இறங்கியவர்கள் மறுபடி ஏற வருவார்களா என்ன?

சுமார் 80 ஆண்டுகள் கழித்துத் தீர்வு வந்தது. கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவுக்காக ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் ‘ரெவல்யூஷன்’ என்ற சவாரியைக் கட்டினார். அதற்கு ஸ்டெங்கல் வட்டத்தையே விட்டுவிட்டார். கீழே அகலமாக, மெல்ல மெல்ல வளைந்து, உச்சிக்குப் போகப் போக இறுகும் கண்ணீர்த்துளி வடிவம். ரயில் பாதை போடுகிறவர்கள் நேர்ப்பாதையிலிருந்து திருப்பத்துக்குள் நுழைய வைத்திருந்த அதே வளைவுதான். கிளாதாய்டு என்று பெயர். வேகம் அதிகமான இடத்தில் வளைவு விசாலம், வேகம் குறைந்த இடத்தில் வளைவு சிறிது. அழுத்தம் தானாகக் குறைந்தது! 1976 மே 8 அன்று மக்கள் ஏறினார்கள். இன்று எந்த நாட்டில் எந்த வளையத்தைப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்தக் கண்ணீர்த்துளியின் வாரிசுதான். 2005-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததில் வியப்பே இல்லை.

இன்னொரு பெயரும் இங்கே சொல்லியாக வேண்டும். மேலே ஏறும்போது ‘டக் டக் டக்’ என்று வயிற்றைக் கலக்கும் சத்தம் கேட்கிறதே, அது என்ன தெரியுமா? சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் உருளாமல் பல்லில் மாட்டிப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம்! உங்களைப் பயமுறுத்தும் அந்தச் சத்தம்தான் உங்களைக் காப்பாற்றுகிறது. அந்தப் பாதுகாப்புக்கும், தண்டவாளத்தை அடியிலிருந்து கவ்விப் பிடித்துப் பெட்டி எகிறாமல் தடுக்கும் சக்கரத்துக்கும் 1910-களிலேயே காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். ஆனால் ‘ரோலர் கோஸ்டரின் தந்தை’ என்ற பட்டம், 1884-இல் கோனி ஐலண்டில் ஐந்து சென்ட் கட்டணத்துக்குச் சவாரி விட்ட லாமார்கஸ் தாம்ப்சனுக்குப் போய்விட்டது. அவருக்கு முன்பே, 1872-இலும் 1878-இலும் சரிவு ரயிலுக்குக் காப்புரிமை வாங்கிய டெய்லரும் நூட்சனும் பட்டியலில் காணோம். மில்லரின் அடிச்சக்கரம் இல்லாமல் இன்றைய சவாரிகளில் பெரும்பாலானவை ஓடாது என்பதால், என் ஓட்டு அவருக்கே!

சரி, இத்தனை மேதைகள் கணக்குப் போட்டும் புத்தம் புதுச் சவாரிகள் ஏன் இப்படிப் படுத்துகின்றன?

ஒஹையோ மாநிலத்தின் சீடர் பாயின்ட் பூங்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2007 மே 12 அன்று ‘மேவரிக்’ திறக்க வேண்டும். இன்டமின் நிறுவனம் கட்டியது. பெட்டி ஒரு சுரங்கத்திலிருந்து பாய்ந்து வெளியே வந்ததும் பயணியின் நெஞ்சை அச்சாக வைத்து ஒரு முழுச் சுழற்சி போடும். தண்டவாளத்தை அச்சாக வைத்துத் திருப்பினால் தலை சாட்டையாய் வீசப்படும். நெஞ்சை அச்சாக வைத்தால் உடம்பு இருந்த இடத்திலேயே உருளும். இதுவும் ஸ்டெங்கல் புகழ்பெற வைத்த உத்திதான்! ஆனால் சோதனை ஓட்டத்தில், அந்தச் சுழற்சி பெட்டிகளுக்கு அளவுக்கு மீறிய அழுத்தம் கொடுப்பது தெரிந்தது. திறப்பு விழா நெருங்கிவிட்டது, விளம்பரமெல்லாம் போய்விட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? சுழற்சியையே கழற்றி எடுத்துவிட்டார்கள்! அந்த இடத்தில் தலைகீழாகாத சாதாரணத் தடத்தைப் பொருத்தி, மே 26 அன்று திறந்தார்கள். சவாரி இன்றும் சக்கைப்போடு போடுகிறது. கௌரவம் பார்க்காமல் கழற்றிய அந்தத் துணிச்சலுக்குத் தனியாக ஒரு விருதே கொடுக்கலாம்.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. 1981-இல் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் ஆரோ நிறுவனம் திறந்த ‘தி பேட்’, தண்டவாளத்துக்கு அடியில் பெட்டி தொங்கி ஊசலாடும் புது வகை. ஊசலாடும் பெட்டிக்கு எதற்குச் சாய்ந்த தடம் என்று சாய்க்காமலே விட்டார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் அடி வாங்கி, 1983-ஐத் தாண்டவில்லை. அந்தப் பாடத்தைக் கையோடு பிடித்துத் தடத்தைச் சாய்த்துக் கட்டிய ‘பிக் பேட் உல்ஃப்’ 1984-இல் வந்தது. 2009 வரை ஓடியது! இதையும் கேளுங்கள்: ஆரோவின் தலைமை வடிவமைப்பாளர் ரான் டூமருக்குச் சவாரி ஏறினாலே குமட்டும். தான் படைத்தவற்றில் அபூர்வமாகத்தான் ஏறுவார்!

2005 மே மாதம் நியூ ஜெர்சியில் 139 மீட்டர் உயரத்தோடு ‘கிங்டா கா’ திறந்தது. அன்றைக்கு உலகிலேயே உயரமானது, மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 8 அன்று முடங்கியது. காரணம், ஒரே ஒரு போல்ட்! பெட்டியை இழுக்கும் கம்பிவடம் ஓடுகிற தொட்டிக்குள் அது உடைந்து, உள்தகடு பெயர்ந்து, வடம் உரசித் தீப்பொறி பறந்தது. ஆகஸ்ட் 4 வரை பூட்டு. ஆனாலும் பெட்டி வேகம் தளர்ந்து பாதி வழியில் நின்று பின்னால் உருண்டால்கூட ஆபத்து இருக்கவில்லை என்பது தெரியுமா? பெட்டி ஏவப்பட்டதும் தடத்தில் பிரேக் தகடுகள் தாமாக எழும்பி நின்றன. காந்த விசை, மின்சாரம் வேண்டாம், உரசல் வேண்டாம். திரும்பி வந்த பெட்டியை அது மெல்லப் பிடித்து நிறுத்திவிட்டது. 2024-இல் அது மூடப்படும் வரை, அப்படிப் பின்னால் உருள வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஏறிய ரசிகர்களே இருந்தார்கள்!

கடைசியாக ஒன்று. சீடர் பாயின்டில் இன்டமின் 2003-இல் எழுப்பிய 420 அடி ‘டாப் த்ரில் டிராக்ஸ்டர்’, 2021-இல் ஒரு விபத்துக்குப் பின் மூடப்பட்டது. அந்தக் கோபுரத்தை வைத்துக்கொண்டு, இன்னொரு கோபுரத்தையும் புதுப் பெட்டிகளையும் சேர்த்து இத்தாலியின் ஸாம்பர்லா நிறுவனம் ‘டாப் த்ரில் 2’ ஆக்கியது. 2024 மே 4 அன்று கோலாகலமாகத் திறப்பு. சுமார் ஒரு வாரத்தில் பெட்டியின் சக்கரத்தில் சிக்கல். அந்த சீசனின் மீதி நாட்கள் முழுவதும் சவாரி இல்லை. 2025-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. பழைய கோபுரம் ஒருவருடையது, பாய்ச்சலும் பெட்டியும் மற்றவருடையது. இதில் எவர் பெயரை முதலில் எழுதுவீர்கள்?