ஈ, தா, கொடு

"தண்ணீர் தாருங்கள்" என்பதைத் தோட்டப் பாடசாலை மாணவன் "கிவ் மீ வாட்டர்" என மொழிபெயர்க்கிறான். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் கேட்பவர் முகம் சுளிக்கிறார். நம் மொழியில் மரியாதை வினையின் விகுதியில் உறைகிறது. ஆங்கிலத்திலோ நீ, நீர், நீங்கள் மூன்றுக்கும் இன்று 'யூ' ஒன்றே. ஆதலின் அங்கே பணிவு, ஏவலை வினாவாக்கும் 'குட் யூ' போன்ற தொடர்களில் குடிகொண்டது. விகுதி உதிர்ந்தவிடத்து மாணவனின் பணிவும் உதிர்ந்துவிடுகிறது.

இவ்வேறுபாடு தமிழருக்குப் புதிதன்று. இரக்குங்கால் இழிந்தோன் 'ஈ' என்பான், ஒப்போன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான் என எச்சவியலில் தொல்காப்பியர் வகுத்துள்ளார்.

19ஆம் நூற்றாண்டில் சின்னத்துரைமார் தமிழ் பயிலக் கொழும்பில் வெளிவந்த கைந்நூலின் பெயரோ 'இங்கே வா!'. 'வாருங்கள்' என்பதற்கு அட்டையில் இடமில்லை போலும்! அவ்வேவலைக் கேட்டு உழைத்தோரின் வழித்தோன்றல்களே இன்று மொனராகலையிலும் பதுளையிலும் ஆங்கிலம் பயில்கின்றனர். வாக்கியந்தோறும் 'சேர்' சேர்த்துக் குழைவதை அவர்களுக்குப் பணிவென்று கற்பித்தல் தகாது. அது 'ஈ' என்பதன் ஆங்கிலம். அவர்களுக்கு வேண்டியது 'தா' என்பதன் ஆங்கிலம். அதற்குச் சொற்பட்டியல் போதாது. தோழனிடம் பேனா கேட்பதற்கும் அதிபரிடம் விடுமுறை கேட்பதற்கும் உரிய தொடர்களை மாணவர் வாய்விட்டுச் சொல்லிப் பழகல் வேண்டும். தபாற்கந்தோரில் முத்திரை வாங்கும் காட்சியை வகுப்பிலேயே இருவர் இருவராய் நடித்தலும் நன்று.