கத்தினால் கோல் விழுமா?

மாலை ஐந்து மணி வாக்கில் தாம்பரத்தில் மின்சார ரயிலில் நீலச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் ஏறினால், அன்று பெரியமேட்டில் சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி ஆடுகிறது என்று பொருள். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் இன்னும் சிலர் சேர்ந்துகொள்வார்கள். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலைக் கடந்து, தோல் கடைகளைத் தாண்டினால் நேரு ஸ்டேடியம். போக மட்டும் 25 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தூரம் வந்து தொண்டை வற்றக் கத்துகிறார்களே, அதனால் அணிக்கு ஏதாவது ஆகிறதா?

சென்னையின் அணியின் வரலாறு இதற்குக் குறும்பாகத்தான் பதில் சொல்கிறது. அது வென்ற ஐ.எஸ்.எல். கோப்பைகள் இரண்டும் எதிரணியின் சொந்த மைதானத்தில் வென்றவை. 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என வீழ்த்தியது. அதற்கு முன் 2015 டிசம்பர் 20 அன்று ஃபதோர்தாவில் எஃப்.சி. கோவாவையும் அதே 3-2. தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கிய மாதம் அது. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டமே புணேவுக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்களின் சத்தம் இல்லாமலேயே அங்கே கொல்கத்தாவை 3-0 என வென்றார்கள்.

அப்படியானால் கத்துவது வீணா? 2020-ஐப் பாருங்கள். அரையிறுதியில் மீண்டும் கோவா. பிப்ரவரி 29 அன்று பெரியமேட்டில் 4-1 என வெற்றி. ஒரு வாரம் கழித்து கோவாவில் 2-4 எனத் தோல்வி. மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பி இறுதிக்குப் போனார்கள். கொரோனாவால் பூட்டிய ஸ்டேடியத்தில், காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்த அந்த இறுதியாட்டத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 1-3 எனத் தோல்வி. மூன்று ஆட்டங்களை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் சொந்த மைதானத்தின் பலம் என்று உலகமெங்கும் சொல்வது இதைத்தான்.

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடை கொஞ்சம் சங்கடமானது. சத்தம் ஆட்டக்காரரின் காலைத் தொடுவதைவிட நடுவரின் விசிலைத்தான் அதிகம் தொடுகிறது. 2002-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டத்தின் மோதல்களை 40 நடுவர்களுக்கு வீடியோவில் காட்டினார்கள். சிலருக்குச் சத்தத்தோடு, மற்றவர்களுக்கு ஊமைப்படமாக. சத்தத்தோடு பார்த்தவர்கள், உள்ளூர் அணிக்கு எதிராக ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ‘இது ஃபவுலா இல்லையா’ என்று ஒரு நொடி தடுமாறும்போது, ஆயிரக்கணக்கானோரின் கூச்சலையும் மனசு ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

கொரோனா இதைப் பெரிய அளவில் சோதித்துக் காட்டியது. 2020 மே மாதம் ஜெர்மனியின் பண்டஸ்லிகா ஆளில்லாத மைதானங்களில் மீண்டும் தொடங்கியபோது, அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களில் உள்ளூர் அணிகளைவிட வெளியூர் அணிகள்தான் அதிகம் வென்றன. வெளியூர் அணிக்கு வழக்கமாகக் கூடுதலாகக் கிடைக்கும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன.

இங்கே சென்னைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். நம் கூட்டத்தின் பெருமையே நியாயம்தான். 1999-இல் சேப்பாக்கத்தில் 12 ரன்னில் இந்தியாவை வென்ற பாகிஸ்தானுக்கு எழுந்து நின்று கை தட்டிய ஊர் இது. அழகான குணம், ஆனால் நடுவரை அசைக்க அது உதவாது. போதாக்குறைக்கு நேரு ஸ்டேடியத்தில் கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவே ஓடுதளம் வேறு. பாதிச் சத்தத்தை அதுவே தின்றுவிடுகிறதோ என்று பலமுறை தோன்றியிருக்கிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் வரும் நாளில் கேலரியில் கணிசமான பகுதி மஞ்சளாகிவிடும். அன்று நம் ரசிகர் குழுக்களான சூப்பர்மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் மேளம் கொட்டினாலும், விசில் யார் பக்கம் சாயும் என்று சொல்வது கடினம்.

ஆட்டக்காரர்களுக்கு ஒன்றுமே ஆகாதா என்றால், ஆகும். ஆனால் அது இருமுனைக் கத்தி. சொந்த மைதானத்து ஆட்டத்துக்கு முன் வீரர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் அளவு உயர்வதை 2003-இல் ஒரு பிரிட்டன் ஆய்வு கண்டது. தன் எல்லையைக் காக்கும் விலங்கின் உடம்பு போல. அதே கூட்டம் தவறான பாஸ் ஒன்றுக்கு ‘ச்சே’ என்று சலித்துக்கொண்டால், அடுத்த முறை அந்தப் பையன் பந்தை முன்னே அனுப்ப யோசிப்பான். பக்கத்தில் நிற்பவனுக்கோ கோல்கீப்பருக்கோ தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். கேலரியிலிருந்து பார்க்கிறவருக்கு அது சோம்பலாகத் தெரியும், இன்னும் சலிப்பார். 2018-இல் கோப்பை வென்ற அணி அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் கடைசி இடத்துக்குப் போனது. அதற்குக் கேலரியைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் இந்தச் சலிப்புக்கு விலை உண்டா என்று தெரிவது அப்படிப்பட்ட ஆண்டுகளில்தான்.

சலித்தாலும் கூட்டம் வேண்டும் என்பதை, அப்போதைய இந்தியக் கால்பந்து அணித் தலைவர் சுனில் சேத்ரி பச்சையாகவே சொன்னார். 2018 ஜூனில் மும்பையில் இந்தியா ஆடிய ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். திட்டுவதானாலும் ஸ்டேடியத்துக்கு வந்து திட்டுங்கள் என்று வீடியோவில் கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது.

நடுவரின் விசிலுக்கே திரும்பினால், ஸ்பெயின் லீக்கை ஆராய்ந்து 2005-இல் வெளியான இன்னொரு ஆய்வும் உண்டு. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் இஞ்சுரி டைமைக் கூட்டிக் கொடுக்கிறார்கள், முன்னிலையில் இருந்தால் குறைக்கிறார்கள். ஆக, சத்தத்துக்கு மதிப்பு அதிகம் கடைசிப் பத்து நிமிடங்களில். பெரியமேட்டில் அந்த நேரத்தில்தான் தாம்பரம் பக்கத்து ஆட்கள் மணியைப் பார்த்துக்கொண்டே படியிறங்குவார்கள். பார்க் ஸ்டேஷனில் அடுத்த ரயிலைப் பிடிக்கவேண்டும்.