சும்மா நடந்துட்டு வரலாம்

"மேல இன்னா சாமி?"

ஏலகிரி மங்கலம் கிராமத்தில், சுவாமிமலைக்குப் பாதை பிரியும் இடத்தில் நின்று ஆயா கேட்டது இது. சிவன் கோயில், சின்னதுதான் என்றேன். "யாருக்கு வேண்டுதலு?" யாருக்கும் இல்லை, சும்மா நடந்துட்டு வரலாம்னு வந்தோம் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா நடக்கறதுக்கா ஆம்பூர்லேர்ந்து காசு குடுத்து வண்டி வெச்சின்னு வந்த?"

ஆயாவுக்கு நடை புதிதல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தெருப் பெண்களோடு பஸ் ஏறி, திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு பேசிக்கொண்டே முடித்துவிட்டு விடிகாலையில் வீடு திரும்புகிறவர். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடியோடு நடந்து போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் அந்த நடைக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கிறது: சாமிக்குச் சொன்னது. இன்னொரு கணக்கு டாக்டர் சொன்னது. வேலூர்க் கோட்டைக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அகழிக்குப் பக்கத்தில் வேகவேகமாகக் கை வீசிப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் சர்க்கரை அளவைத்தான் பேசிக்கொண்டு போவார்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்த இடம் அது என்று குழந்தைகளுக்குக் காட்டிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. சாமியும் சர்க்கரையும் இல்லாமல், பிள்ளைகுட்டிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடப்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் தனியாக ஒரு சொல்கூட இல்லை. 'சும்மா' என்பதுதான் இருக்கிறது.

ஆனால் பாதைகள் இருக்கின்றன. தோல் டேனரியும் ஷூ கம்பெனியும் பிரியாணியும்தான் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பெங்களூர் ரயிலில் இந்தப் பக்கம் போகும்போது ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தால் தெரியும், இது முழுக்க மலைகளுக்கு நடுவே ஓடும் ஒரு பள்ளத்தாக்கு. தெற்கே ஜவ்வாது மலைத்தொடர், மேற்கே ஏலகிரி, நடுவில் பாலாறு.

ஏலகிரி பொன்னேரி கூட்ரோட்டிலிருந்து தொடங்குகிறது. மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை: பாரி, ஓரி, அதியமான் என்று வள்ளல்கள், கபிலர், அவ்வையார், கம்பர் என்று புலவர்கள். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரலாம், வாந்தி எடுக்காத பிள்ளையாக இருந்தால். எங்கள் சின்னவள் ஏழாவது வளைவோடு தமிழ் இலக்கியத்தை நிறுத்திக்கொண்டாள்.

மலைக்கு மேலே 14 சிற்றூர்கள். அத்தனாவூரில் பேருந்து நிற்கும். புங்கனூர் ஏரியில் படகும் கூட்டமும் சோளக்கதிர் வாசனையும். அதை விட்டுவிட்டு மங்கலத்துக்கு வந்தால் சத்தம் நின்றுவிடுகிறது. பாதை முதலில் வீடுகளுக்கும் பலாமரங்களுக்கும் இடையே போகிறது. பிறகு உருண்டைக் கற்கள், அப்புறம் காய்ந்த இலை மூடிய ஏற்றம். ஏலகிரியில் சுவாமிமலைதான் உயரமான இடம், சுமார் 4,300 அடி. ஏற்றம் செங்குத்தாக இல்லை. ஆனால் விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். ஏழு வயதுப் பிள்ளை தாராளமாக ஏறும். இரண்டு இடத்தில் "இன்னும் எவ்ளோ தூரம்" என்று கேட்கும், ஒரு கடலை உருண்டையில் சமாதானம் ஆகும். மேலே மரங்கள் விலகியதும் கீழே ஜோலார்பேட்டை தெரிகிறது. தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து போவது, தரையில் யாரோ சீப்பால் இழுத்தது போல.

பாதி வழியில் எங்களைத் தாண்டிப் போனது பெங்களூர் இளைஞர் கூட்டம். என் மச்சான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில், அச்சுக்கட்டையின் மேல் அப்பரை இழுத்து உட்கார வைக்கும் வேலையில் பதினெட்டு வருஷம் இருக்கிறவர். "டங்கு பாரு, ரெண்டு பக்கமும் மடிச்சி அப்பரோட சேத்துத் தெச்சிருக்கான். ஓடையில நின்னாக்கூட தண்ணி உள்ள போவாது. நபக் தோலு, உள்பக்கத்த உரசினது இல்ல, மேல்பக்கத்த உரசினது." அந்தப் பையனை நிறுத்தி, குனிந்து, குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே விட்டார். பையன் பயந்துபோனான். இப்படிப்பட்ட ஜோடிகள் எங்கள் ஊரிலிருந்து பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்குப் போகின்றன, அங்கே குடும்பம் குடும்பமாக வயல்வெளியில் நடப்பதற்கு. மச்சான் காலில் ரப்பர் செருப்பு. இறங்கும்போது ஒரு வார் பிய்ந்து, ஊக்கு குத்திக்கொண்டார்.

அங்கே எப்படி நடக்கிறார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இங்கிலாந்துக் கிராமங்களில் ஒற்றையடிப் பாதை ஒருவருடைய கோதுமை வயலுக்கு நடுவே போனாலும் உரிமையாளர் அதை அடைக்க முடியாது. காலங்காலமாக ஊர் ஜனம் நடந்த பாதை பொதுப் பாதை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றையெல்லாம் வரைபடத்தில் பதியச் சொன்னது. வேலி குறுக்கிட்டால் தாண்ட ஒரு மரப்படி, திசை காட்ட மஞ்சள் அம்புக்குறி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படி ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர். யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்துக்குள், நிலச்சுவான்தார்களின் காவலாட்களை மீறி, ஆலைத் தொழிலாளிகள் கூட்டமாக நுழைந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். வாரமெல்லாம் ஆலைப்புகையில் நின்றவர்கள் ஞாயிறு நடக்கக் கேட்ட இடம் அது. மச்சானுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது.

நம்மிடம் இல்லாத விஷயமும் அல்ல. விஏஓ ஆபீசில் கிராமப் புல வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டிப்பாதை, நடைபாதை, ஓடைப் புறம்போக்கு எல்லாம் கோடு போட்டு வைத்திருக்கிறது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் தடையில்லாமல் நடந்து வந்த வழிக்கு உரிமை தருகிறது. காகிதத்தில் இருக்கிற கோட்டைத் தேடிப் போனால்தான் பல இடங்களில் முள்வேலியோ, பிளாட் போட்ட கல்லோ நிற்கிறது. நடக்கிறவர்கள் நின்றுபோனால் பாதையும் நின்றுபோகும்.

நடந்து நடந்தே நிலைத்த பாதைக்கு வள்ளிமலையைச் சொல்ல வேண்டும். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், பொன்னையாற்றுப் பக்கம். நானூற்றுச் சொச்சம் படிகள். மேலே பாறையைக் குடைந்த முருகன் சன்னதி. முருகன் வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக வந்து வள்ளியை மயக்கிய கதையைச் சொல்லிக்கொண்டே ஏறினால் பிள்ளைகளுக்குக் கால் வலி தெரியாது. யானையாக வந்து பயமுறுத்திய பிள்ளையார் பாறையாகக் கிடப்பதைக் கைநீட்டிக் காட்டலாம். சூரியன் காணாத சுனை என்று ஒன்று இருக்கிறது, உச்சி வெயிலிலும் தண்ணீர் ஜில்லென்று. திருப்புகழைத் தமிழ்நாடெங்கும் பாடவைத்த வள்ளிமலை சுவாமிகளின் ஆசிரமமும் மேலேதான்.

பாதிப் பேர் பார்க்காமல் திரும்புவது சமணச் சிற்பங்களை. பாறை முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், கூடவே கன்னடக் கல்வெட்டுகள். கங்க அரசன் ராசமல்லன் பெயர் அதில் வருகிறது. பாண அரசனின் குருவுக்குச் சீடரான தேவசேனர் என்ற துறவியின் உருவமும் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் இந்த மலையில் நடந்து ஏறியவர்கள் அவர்கள். மாசித் திருவிழாவில் தேர் மலையைச் சுற்றிக் கிராமம் கிராமமாக வர நாலு நாள் ஆகும். குரங்குகள் மட்டும் ஜாக்கிரதை. சிப்ஸ் பாக்கெட்டைக் கண்டால் அவை கதை கேட்காது.

ஜலகாம்பாறை அருவிக்கு ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். கோடையில் வெறும் பாறைதான். ஆம்பூருக்குப் பக்கத்திலேயே, நாய்க்கனேரி மலையடிவாரத்தில் மழை பெய்த மறுநாள் ஓடையோரம் நடக்கலாம். பாலாற்றைப் பற்றித்தான் எழுதக் கை வரவில்லை. மணலில் நடந்தே அக்கரைக்குப் போய், ஊற்றுத் தோண்டிக் குடித்த கதை ஆயாவிடம் நிறைய இருக்கிறது. டேனரிக் கழிவுக்கு எதிரான வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆற்றில் மணல் போய்ச் சீமைக் கருவேலம் நிற்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் கூட்டிப் போவதை விட்டுவிட்டேன்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இங்கே கரடி உண்டு, சிறுத்தை உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. கோடையில் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள்.

அன்றைக்கு ஆயா உச்சி வரை வரவில்லை. முக்கால் தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் சின்னவளோடு உட்கார்ந்து, கொண்டுவந்த பொரியை இரண்டு பேருமாகத் தீர்த்துவிட்டார்கள். இறங்குகிற வழியில் மங்கலத்தில் சீத்தாப்பழம் பேரம் பேசி வாங்கினார். சாயங்காலம் ஆம்பூரில் வண்டி நின்றதும் எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டார்.

"ஏலகிரிக்கு. மேல சிவன் கோயிலு கீது," என்றார் ஆயா, பழப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே. "நல்ல தரிசனம்."