நேரம் பிசகினால் நழுவும் குரல்

இது நார்தர்ன் டெலிகாம் நிறுவனத்தின் மெரிடியன் 1 அலுவலகத் தொலைபேசி அமைப்பில் இருந்த கடிகார அட்டை. மணி காட்டுவது இதன் வேலையல்ல. அமைப்பு முழுவதற்கும் துடிப்பு கொடுப்பதே.

டிஜிட்டல் தொலைபேசி, குரலை விநாடிக்கு 8,000 முறை அளக்கிறது. டி1 இணைப்பில் 24 பேச்சுகளின் அளவுகள் ஒரே சட்டகமாகக் கட்டப்பட்டு, 125 மைக்ரோவிநாடிக்கு ஒன்றாகக் கிளம்பும். அனுப்பும் கடிகாரம் சற்றே முந்தினால், பெறும் இடத்தில் சட்டகங்கள் தேங்கி ஒன்றைக் கைவிட நேரும். பிந்தினால், பழையதையே மறுபடி படிக்க நேரும். இதுதான் நழுவல். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு போதும், 125 விநாடிக்கு ஒரு நழுவல். பேச்சில் அது மெல்லிய ‘டிக்’ ஓசை, காது பொருட்படுத்தாது. ஃபேக்ஸிலோ வரிகள் சிதையும்.

ஆகவே கிளை அலுவலகம் தனக்கென்று நேரம் வைத்துக்கொள்ளாமல், வரும் இணைப்பின் துடிப்பையே பின்பற்றியது. வரிசையின் உச்சியில் பொதுத் தொலைபேசி வலையமைப்பின் சீசியம் கடிகாரம். அத்தகைய இரண்டுக்கு இடையே 72 நாளுக்கு ஒரு நழுவலுக்கு மேல் ஆகாது. உண்மையான ஆபத்து வேறு: இரு கிளைகள் ஒன்றிடம் ஒன்று நேரம் கேட்கும்படி அமைத்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே விலகிப் போகும். அவற்றுக்குள் நழுவல் இராது. பிழை எளிதில் பிடிபடாது.

பெரிய அமைப்புகளில் இவ்வட்டை இரண்டு இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது உடனே பொறுப்பேற்கும்.