பலாலி விமான நிலையமும் வடபுலத்தின் கைத்தொழிலும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களைக் கடக்குங்கால் இருமருங்கும் செம்மண் தோட்டங்களைக் காண்பர். வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் கிணற்று நீரை உண்டு வளரும் பூமி அது. அத்தோட்டங்களுக்கு அப்பால், கடற்கரைக்குச் சற்று இப்பால், பலாலி விமான நிலையம் அமைந்திருக்கின்றது. 2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆந் திகதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் புதுப்பெயருடன் திறந்துவைக்கப்பட்டது. அன்று தொட்டு வர்த்தகர் சங்கங்களிலும் வாசிகசாலைகளிலும் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. விமானம் வந்துவிட்டது, விமானத்தை நம்பி வாழும் கைத்தொழிலும் அதற்கு வேண்டிய முதலும் எப்பொழுது வரும்?

இக்கேள்விக்கு விடை தேடுமுன், அந்நிலையம் அங்கே தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்பிரில் 5 ஆந் திகதி கொழும்பும், 9 ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. பிரித்தானிய விமானப்படையினர் அக்காலத்திலே இலங்கையின் பல இடங்களில் விமானத்தளங்களை அமைத்தனர். பலாலியும் அவற்றுள் ஒன்று. குடாநாட்டில் மலை இல்லை. குறிப்பிடத்தக்க ஆறும் இல்லை. மேலே மெல்லிய செம்மண், அதன் கீழே கெட்டியான சுண்ணாம்புக் கல். விமானம் ஓடுவதற்கு இயற்கையே பாதி வேலையைச் செய்து வைத்திருந்தது. போர் முடிந்ததும் அத்தளம் குடிமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. 1947 டிசெம்பர் 10 ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனம் தன் முதலாவது சேவையைத் தொடங்கியபோது, அதன் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை விமான நிலையம் என அன்று வழங்கிய இப்பலாலியிலே தங்கி, அதன் பின்னரே சென்னைக்குச் சென்றது. இந்நாட்டின் விமானச் சேவை பிறந்த அன்றே யாழ்ப்பாணம் அதன் வழியில் ஒரு படியாக இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

இதற்குக் காரணம் பூகோளத்தில் இருக்கின்றது. பலாலியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் இரத்மலானை ஏறக்குறைய 330 கிலோமீற்றர். சென்னை ஏறக்குறைய 350 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளியோ 190 கிலோமீற்றருக்கும் குறைவு. தலைநகருக்குச் செல்லும் தூரத்திற் பாதியளவு கடந்தால் ஒரு பெருங் கைத்தொழில் நகரத்தை அடையலாம். தமிழ்நாட்டிலே பாதுகாப்பு, வான்கலக் கைத்தொழில்களுக்கென ஒரு தனி வலயம் 2019 சனவரி 20 ஆந் திகதி தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்களும் அதன் மையங்கள். அவற்றுள் ஒன்று, பலாலியில் ஏறியவர் ஒரு கோப்பை தேநீரை ஆறுதலாகக் குடித்து முடிக்குமுன் சென்று சேரத்தக்க தூரத்திலுள்ளது என்றால் அது பெரிதும் மிகையன்று.

அப்படியானால் தடை யாது?

முதலாவது தடை ஓடுபாதை. விமானத்தை மேலே தூக்குவது அதன் சிறகுகளின் மீது பாயும் காற்று. வெயிலேறக் காற்று ஐதாகும். ஐதான காற்று குறைவாகவே தூக்கும். ஆகவே சித்திரை மாதத்து நண்பகலிற் புறப்படும் விமானம், மார்கழிக் காலையிற் புறப்படுவதைவிட நீண்ட தூரம் ஓடியே எழும்பும். ஓடுபாதை குறுகியதாயின் பாரத்தைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது? எரிபொருளைக் குறைத்தல் ஓரளவுக்கே இயலும். எனவே பொதியைக் குறைக்க வேண்டும், அல்லது பயணிகளைக் குறைக்க வேண்டும். பலாலிக்கு வருபவை சுழல்விசிறி பொருத்திய ஏடிஆர் 72 வகை விமானங்கள். ஏறக்குறைய எழுபது பேர் அமரக்கூடிய இவ்விமானங்கள் குறுகிய ஓடுபாதைக்கு ஏற்றவை. ஆயின் இவற்றின் வயிற்றிலே பெருஞ்சரக்கு அடங்காது. ஓடுபாதையை 2,300 மீற்றர் வரை சீர்செய்து, ஏ 320 போன்ற பெரிய விமானங்களை வரவழைப்பது அடுத்த கட்டத் திட்டமாகக் கூறப்பட்டது.

குடாநாட்டுக் கடலிற் பிடிக்கப்படும் நண்டையும் இறாலையும் எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுச் சந்தையில் நல்ல விலை பெறும் இச்சரக்கு, பனிக்கட்டியுடன் லொறியில் ஏறி, கட்டுநாயக்கா வரை நெடுவழி சென்று, அங்கேதான் விமானம் காண்கின்றது. வழியிற் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் சரக்கின் விலையை அரிக்கும். கறுத்தகொழும்பான் மாம்பழத்துக்கும் முருங்கைக்காய்க்கும் நிலை இதுவே. பெரிய விமானம் பலாலியில் இறங்குமாயின் முதற்பயன் பெறுவோர் குருநகர்க் கடற்றொழிலாளரும் தோட்டக்காரருமே ஆவர்.

இரண்டாவது தடை, முன்னதைவிடப் பெரியது, அது நிச்சயமின்மை. எந்த வர்த்தகரும் தம் பணத்தைப் போடுமுன், இன்று வரும் விமானம் ஐந்தாண்டு கழித்தும் வருமா என்றே கேட்பார். பலாலியின் வரலாறு அவருக்கு ஆறுதல் தருவதாக இல்லை. எயர் சிலோன் காலத்திலே சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் சேவைகள் நடந்தன. அந்நிறுவனம் மறைந்ததும் உள்நாட்டுப் போர் மூண்டதும் அவற்றை இல்லாமற் செய்தன. போர்க்காலத்திலே தரைவழி அடைபட்டபோது, தெற்குக்குச் செல்லும் நோயாளரும் மாணவரும் வானையே நம்பினர். அவ்வாறு 1998 செப்டெம்பர் 29 ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடற்பரப்பில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அந்தப் பெயர்களை இன்றும் சொல்லும் வீடுகள் குடாநாட்டில் உள.

போர் முடிந்து பத்தாண்டுகளின் பின், 2019 நவம்பரிலே அலையன்ஸ் எயர் நிறுவனம் சென்னைச் சேவையைத் தொடங்கியது. சில மாதங்களுள் கொள்ளைநோய் வந்து, 2020 மார்ச்சில் அது நின்றது. மீண்டும் 2022 டிசெம்பர் 12 ஆந் திகதிதான் விமானம் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிச் சேவையும் சேர்ந்தது. இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் குளிரறையும் பொதிசெய் நிலையமும் கட்ட நினைப்பவர், இடையில் விழுந்த அந்த இரண்டரை ஆண்டுக்கும் மேற்பட்ட வெற்றிடத்தையும் எண்ணிப் பார்ப்பார்.

விமானக் கைத்தொழில் என்றவுடன் விமானங்களைச் செய்யும் பெருந் தொழிற்சாலையையே பலர் மனத்திற் கற்பனை செய்கின்றனர். அது அவ்வாறு தொடங்குவதில்லை. பெங்களூரிலே வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் 1940 டிசெம்பரில், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு இந்துஸ்தான் விமான நிறுவனத்தை நிறுவினார். போர்க்காலத்தில் அது செய்த பெரும்பணி, அமெரிக்கப் படையினரின் விமானங்களைப் பழுதுபார்த்ததே. பழுதுபார்த்த கைகளே பின்னர் வடிவமைக்கவும் கற்றன. இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட எச்.ரி. 2 என்னும் பயிற்சி விமானம் 1951 இலும், மாருத் என்னும் போர்விமானம் 1961 இலும் பறந்தன. அதனிடையே 1942 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் வானூர்திப் பொறியியற் பிரிவு தோன்றியது. சென்னைக் குரோம்பேட்டைத் தொழினுட்பக் கல்லூரி 1949 இல் எழுந்தது. பலாலியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரத்திலுள்ள இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம், அக்குரோம்பேட்டையிலே படித்து, பெங்களூரிலே அந்நிறுவனத்திற் பயிற்சி பெற்றவர். ஒரு படகோட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு அத்துறையின் கதவைத் திறந்தவை ஒரு கல்லூரியும் ஒரு பட்டறையுமாம்.

வடபுலத்தில் இவற்றுக்கு வித்து இல்லாமலில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது. அதே நகரிலே இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் 2016 இல் திறக்கப்பட்டது. உலோகத்தை நுண்ணளவிற் கடைதல், இயந்திரங்களைப் பேணல், மின்னணுக் கருவிகளைச் சோதித்தல் ஆகியவற்றிலே தேர்ந்த இளைஞர் சில நூற்றுவர் ஓரிடத்தில் இருப்பாராயின், கடலுக்கு அப்பாலுள்ள நிறுவனங்களுக்குச் சிறு உறுப்புக்களைச் செய்து கொடுக்கும் பட்டறைகள் இங்கு உருவாகலாம். விமானத்தின் திருகாணி ஒன்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு. எந்த உலோகம், யார் கடைந்தது, யார் அளந்தது என்பதெல்லாம் ஏட்டிற் பதிந்திருக்க வேண்டும். கணக்குப் பதிவிற் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்தாருக்கு இது ஒத்து வராத தொழிலன்று. ஆனால் வெள்ளைச் சட்டை உத்தியோகத்தையே பிள்ளைகளுக்கு வேண்டும் பெற்றோர், எண்ணெய் படிந்த கையையும் மதிக்கப் பழகவேண்டியிருக்கும்.

இவ்விடத்தில் நீரைப் பற்றியும் சொல்லவேண்டும். குடாநாடு குடிப்பது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலே தேங்கும் மழைநீரை. மேலே சிந்துவது கீழே இறங்கும். இறங்கியது எங்கே வெளிப்படும் என்பதை எவரும் முற்கூட்டி அறியார். சுன்னாகத்திலே மின்னிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், அதன் பொருட்டு உயர் நீதிமன்றம் 2019 இல் நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டதும் நேயர்கள் அறிந்தவை. விமானப் பழுதுபார்ப்பிலே எரிபொருளும் நெய்ப்பசை போக்கும் திரவங்களும் நாள்தோறும் புழங்கும். அத்தகைய பட்டறைக்கு இடம் கொடுப்போர், கழிவுநீர்த் தொட்டிக்கும் கண்காணிப்புக் கிணறுகளுக்குமான செலவை முதலிலேயே கணக்கில் எழுத வேண்டும்.

எஞ்சியிருப்பது காணி. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு வெளியேறினர். விமானத் தளத்தைச் சூழ்ந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் என்னும் ஊர்களின் மக்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒரு தலைமுறையைக் கழித்தனர். 2013 இல் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் வெளியானபோது, சொந்தக்காரர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். பின்னர் ஒரு பகுதி காணி படிப்படியாக விடுவிக்கப்பட்டது. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் மக்களிடம் திரும்பியது. ஆனால் எல்லாம் திரும்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காணி உறுதியைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்போர் இன்றும் உளர். அவர்களுட் பலர், ஓடுபாதைக்கு அருகே வெங்காயம் விளைந்த தம் பரப்புக்களை விரலால் எண்ணிச் சொல்லக்கூடியவர்கள்.

அவர்கள் விமானத்தை வெறுப்பவர்கள் அல்லர். கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் தம் பிள்ளைகள் சென்னை வழியாக நேரே பலாலியில் வந்திறங்குவதை அவர்களும் விரும்புகின்றனர். அவர்கள் கேட்பது, ஓடுபாதைக்கு உண்மையில் வேண்டிய நிலம் எவ்வளவு, பாதுகாப்பின் பேரால் வைத்திருப்பது எவ்வளவு என்னும் கணக்கை. அக்கணக்கு வரைபடத்துடன் வெளியிடப்படுமாயின், வேண்டியதற்கு நியாயமான விலையோ ஆண்டுக் குத்தகையோ பேசலாம், எஞ்சியதை உழலாம். பிணக்கிலிருக்கும் நிலத்தின் மீது தொழிற்சாலை கட்ட நல்ல முதலீட்டாளர் எவரும் முன்வரமாட்டார். வருபவர் வழக்கு முடியுமுன் திரும்பிப் போகக்கூடியவராகவே இருப்பார். ஆகவே விமான நிலையத்தின் அடுத்த கட்ட வேலைக்கு நிலவளவையாளர் சங்கிலியுடன் இறங்கும் நாளிலே, அவருக்குப் பக்கத்திலே தத்தம் உறுதியுடன் அக்காணிக்காரரும் நின்று எல்லைக் கல்லைக் காட்ட இடமளிக்க வேண்டும்.