மீன் தொட்டியில் பச்சைச் செடியா? முதலில் லைட்டைக் கவனியுங்கள்!

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனால், பச்சைப்பசேல் செடிகளுக்கு நடுவே மீன்கள் நீந்தும் தொட்டிதான் முதலில் கண்ணைப் பறிக்கும். ஆசையாய் நாலு செடி வாங்கி வந்து வீட்டுத் தொட்டியில் வைப்போம். சில வாரங்களிலேயே இலைகள் மஞ்சளாகி அழுகத் தொடங்கும். அழுகும் இலைகளிலிருந்து உருவாகும் அம்மோனியா மீன்களின் உயிருக்கே உலை வைத்துவிடும். ‘நம்ம வீட்டுத் தண்ணி சரியில்ல’ என்று தண்ணீர் மேல் பழியைப் போடுவோம். ஆனால், பல வீடுகளில் கோளாறு தொட்டிக்கு மேலே இருக்கும் லைட்டில்தான்!

முதலில் செடி, பிறகு லைட்

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகரைன் வெண்டி ஆகியவை குறைந்த வெளிச்சத்திலேயே வளரும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இவை போதும். சிவப்பு இலைச் செடிகளும், புல்தரை போலப் படரும் செடிகளும் அதிக வெளிச்சம் கேட்கும். அவற்றுக்கு உரமும் கார்பன் டை ஆக்ஸைடும் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அது இல்லாமல் லைட்டை மட்டும் கூட்டினால், மிச்சமாகும் வெளிச்சத்தில் செழிப்பது பாசிதான்.

வாட் பார்க்காதீர்கள்

வாட் என்பது எவ்வளவு கரன்ட் செலவாகிறது என்பதற்கான கணக்கு. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமென். அட்டைப்பெட்டியில் அதைத் தேடுங்கள். குறைந்த வெளிச்சச் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் என்பது தோராயக் கணக்கு. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்கு 550 முதல் 1,100 லூமென் வரை போதும். நல்ல 10 வாட் எல்.இ.டி. லைட்டே இதைத் தந்துவிடும். தினமும் 8 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு இரண்டரை யூனிட்கூட ஆகாது. தொட்டி உயரமாக இருந்தால், அடிவரை வெளிச்சம் எட்ட இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

நிறம் முக்கியம்

6,500 கெல்வின் என்று குறிப்பிட்ட வெள்ளை லைட் செடிகளுக்கும் ஏற்றது, கண்ணுக்கும் இயல்பாக இருக்கும். அழகுக்காக விற்கப்படும் நீல லைட்டை மட்டும் நம்பிச் செடி வைக்காதீர்கள். ‘ஜன்னல் வெயில் இருக்கே’ என்ற யோசனையும் வேண்டாம். நேரடி வெயில் தண்ணீரைச் சூடாக்கும், பாசியையும் வளர்க்கும்.

எத்தனை மணி நேரம்?

புதுத் தொட்டிக்கு முதல் சில வாரங்கள் தினமும் 6 மணி நேரம் போதும். செடிகள் வேர்விட்ட பிறகு 8 மணி நேரம் வரை கூட்டலாம். காலையில் போட்டு, தூங்கப் போகும்போது அணைத்தால் 14 மணி நேரத்தைத் தாண்டிவிடும். நம் ஞாபகத்தை நம்புவதைவிட, ஒரு டைமர் பிளக் வாங்கி மாட்டிவிடுவது நல்லது. மீன்களுக்கும் இரவில் இருட்டு வேண்டுமல்லவா?

செடியே சொல்லும்!

* தண்டு மெலிந்து நீண்டு, இலைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

* இலையிலும் கண்ணாடியிலும் பாசி வேகமாகப் படர்ந்தால், தினமும் 1 அல்லது 2 மணி நேரம் குறைத்துப் பாருங்கள்.

* புதிதாக வைத்த கிரிப்டோகரைனின் பழைய இலைகள் கரைந்தால் பதறி லைட்டைக் கூட்டாதீர்கள். இடம் மாறும்போது அதற்கு இது சகஜம். கரைந்த இலைகளை மட்டும் அகற்றுங்கள். வேர் நன்றாக இருந்தால் புது இலை துளிர்க்கும்.

* ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் செடிகளின் கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லிலோ மரத்துண்டிலோ கட்டிவிடுங்கள்.

பாதுகாப்பு முக்கியம்

தொட்டிக்குள் கைவிடும் முன், எல்லா பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். ஒயர் பிளக் பாயின்ட்டைவிடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழேயே சொட்டிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை அவசியம் கவனியுங்கள்.

எந்த மாற்றம் செய்தாலும் இரண்டு வாரம் பொறுத்திருந்து பாருங்கள். தண்ணீருக்குள் வளரும் செடி நிதானமாகத்தான் பதில் சொல்லும்.