மயக்க மருந்து தேவையில்லை… அப்போ வலிக்காதா? ‘எஷ்யூர்’ சொல்லும் பாடம்

வயிற்றில் கத்தி படாது. முழு மயக்கம் வேண்டாம். கிளினிக்கிலேயே முடித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். 2002 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ, பெண்களுக்கான ‘எஷ்யூர்’ என்ற நிரந்தரக் கருத்தடைச் சாதனத்துக்கு அனுமதி கொடுத்தபோது, அதன் பெரிய ஈர்ப்பே இதுதான்.

ஹிஸ்டரோஸ்கோப் எனும் மெல்லிய கேமரா குழாயை கருப்பை வாய் வழியாக உள்ளே செலுத்துவார்கள். உள்ளே தெளிவாகத் தெரிவதற்காக சலைன் விட்டு கருப்பையை விரிப்பார்கள். பிறகு இரண்டு கருக்குழாய்களிலும் ஒவ்வொரு சுருள் கம்பி. அதைச் சுற்றித் திசு வளர்ந்து குழாய் அடைபட மூன்று மாதம் ஆகும். பரிசோதனையில் அது உறுதியாகும்வரை வேறு கருத்தடையும் அவசியம்.

‘மயக்க மருந்து தேவையில்லை’ என்பதை ‘வலிக்காது’ என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். வலி ஒரே கட்டத்தில் வருவதில்லை. கருப்பை வாயைக் கருவியால் பிடிக்கும்போது சுருக்கென்று இருக்கும். சலைன் நிரம்பும்போதும் சுருள் இறங்கும்போதும் பீரியட்ஸ் வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும். சிலருக்கு நாடித்துடிப்பு குறைந்து, வியர்த்து, மயக்கமே வரலாம்.

கருப்பை வாயைச் சுற்றி லிடோகெயின் ஊசி போட்டால் போதாதா? 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், கருவி பிடிக்கும்போதும் குழாய் நுழையும்போதும் வரும் வலியை அந்த ஊசி குறைத்தது. சுருள் வைக்கும் கட்டத்தில் பலன் தெரியவில்லை. கருப்பையின் மேல்பகுதிக்கும் கருக்குழாய்க்கும் வரும் நரம்புகளின் பாதை வேறு என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

அதனால் ஊசியை மட்டும் நம்பாமல், முன்கூட்டியே ஐபுப்ரொஃபென் வகை மாத்திரை கொடுப்பது, இன்னும் மெல்லிய குழாயைப் பயன்படுத்துவது, சலைன் அழுத்தத்தைக் குறைவாக வைப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கும் நர்ஸுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அதைச் சும்மா ஆறுதல் என்று ஒதுக்க முடியாது.

எஷ்யூர் இப்போது விற்பனையில் இல்லை. நாள்பட்ட இடுப்பு வலி, சுருள் இடம் மாறுவது, கருப்பையைத் துளைப்பது எனப் புகார்கள் குவிய, 2016-ல் எஃப்.டி.ஏ கடுமையான எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்க்க வைத்தது. 2018 முடிவோடு பேயர் நிறுவனம் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தியது.

ஆனால் வலி பற்றிய கேள்வி அதோடு போய்விடவில்லை. ஹிஸ்டரோஸ்கோபி நம்மூர் கருத்தரிப்பு மையங்களிலும் சாதாரணமாக நடக்கிறது. காப்பர்-டி பொருத்துவதும் கருப்பை வாய் வழியாகத்தான். இந்தவகைக் கருத்தடைச் சாதனம் பொருத்தும் முன் வலி பற்றியும் அதைக் குறைக்கும் வழிகள் பற்றியும் பெண்ணிடம் பேச வேண்டும் என்று அமெரிக்காவின் சி.டி.சி 2024-ல்தான் தெளிவாகச் சொன்னது. ரொம்ப லேட்!

எனவே ‘லேசாத்தான் இருக்கும்மா’ என்று டாக்டர் சொன்னால், அடுத்து கேட்க வேண்டியவை உண்டு. வலிக்கு என்ன கொடுப்பீங்க, எவ்வளவு நேரம் முன்னாடி? தாங்க முடியலைன்னா பாதியில் நிறுத்துவீங்களா? முழு மயக்கத்தில் செய்ய வழி இருக்கா? இவற்றை மேஜையில் படுத்த பிறகு கேட்க முடியாது; அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்.